எல்லோரும் கல்லுவைப் பற்றிப் பேசுகிறார்கள்

மார்ச் 3, செவ்வாய்

கடையில் கூட்டமில்லை. காலையில் வந்த ஒருவருக்குப் பவர் கூடியிருந்தது. அடுத்து வந்தவருக்குக் கண்ணில் ஒரு குறையுமில்லை, கண்ணாடி போட்டால் படித்தவன் மாதிரி இருக்குமாம். மதியம் பரிசோதனை அறையில் விளக்கை அணைத்துவிட்டு எழுத்துப் பலகையை மட்டும் எரியவிட்டு உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பிடித்த நேரம் அது. இருட்டில் அந்த எழுத்துகள் தண்ணீரில் மிதப்பதுபோல் இருக்கும். எதையும் வாசிக்க வேண்டியதில்லை.

பில் போடும் பெண் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். "அக்கா, சனிக்கிழமை ஏழு மணிக்குப் புது நாடகம் வருது. காமெடி எழுதறவங்களைப் பத்தினதாம். ஒரே சிரிப்பா இருக்கும்ல?"

"காமெடி எழுதறவங்க யாரும் சிரிப்பா இருக்க மாட்டாங்க" என்றேன். வாய் தவறி வந்துவிட்டது.

போனை நீட்டினாள். 'இடைவெளி விட்டுச் சொல்லு' என்று நாடகத்துக்குப் பெயர். கதை, வசனம் என்று போட்ட இடத்தில் குருவியின் முழுப் பெயர். எனக்கு அவள் குருவிதான்.

கல்யாணத்துக்கு முன்னால் நானும் அவளும் வானொலிக்குச் சின்னச் சின்ன நகைச்சுவை நாடகங்கள் எழுதினோம். பிறகு நான் நின்றுவிட்டேன். அவள் தொலைக்காட்சிக்குப் போனாள். வீட்டில் இவருக்கு இதெல்லாம் தெரியாது என்று சொல்ல முடியாது. "ரேடியோவுக்கு ஏதோ எழுதிட்டிருந்தா" என்று என் அப்பா எப்போதோ சொன்னது காதில் விழுந்திருக்கும். அந்த 'ஏதோ'வுக்கு மேல் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மார்ச் 7, சனி

பார்த்தேன்.

அத்தை முக்காலியில் காலை நீட்டிக்கொண்டு சோபாவில். இவர் தட்டோடு நாற்காலியில். மகள் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு. நான் சமையலறை வாசலில், பாதி உள்ளே பாதி வெளியே.

திரையில் ஒரு அறை. நீள மேசை. சுவரில் பெரிய கண்ணாடித் தடுப்பு, அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர். எங்கள் வானொலி அறையேதான். அப்புறம் ஒருத்தி உள்ளே வந்தாள். கொண்டையில் பென்சில். மேசையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். மற்றவர்கள் எழுதியதை ஒவ்வொருவராக அவளுக்கு வாசித்துக் காட்டுகிறார்கள். அவள் சிரிப்பதில்லை. கடைசிவரை கேட்டுவிட்டு, "இன்னும் ஒரு வார்த்தை குறை" என்கிறாள். நாடகத்தில் அவளுக்குக் கல்லு என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

அது என் வாக்கியம். அந்தப் பென்சிலும் என்னுடையதுதான். குருவி என்னை உம்மு என்று கூப்பிடுவாள். உம்மணாமூஞ்சியைச் சுருக்கி உம்மு.

"யாரு இவ, எழவு வீட்டுக்கு வந்தவ மாதிரி உட்கார்ந்திருக்கா?" என்றார் இவர்.

"பாவம், வயித்துவலியோ என்னவோ" என்றார் அத்தை.

"அவ மட்டும்தாம்பா இதுல நல்லா இருக்கா" என்றாள் மகள்.

நான் உள்ளே போய், கழுவி வைத்த டம்ளரை மறுபடியும் கழுவினேன்.

மார்ச் 9, திங்கள்

கடையில் காலையிலிருந்து இதே பேச்சு. லென்ஸ் தேய்ப்பவர் மிஷினை நிறுத்தாமலே கத்தினார்: "காமெடி நாடகம்னு சொல்லிட்டு ஒரு தடவையாவது சிரிக்க வெச்சானா? உப்புச் சப்பில்லாம இழுக்கறான்." பில் போடும் பெண்ணுக்கும் ஏமாற்றம். "கல்லு வந்தாலே சேனலை மாத்தலாம் போல இருக்கு அக்கா."

மதியம் பள்ளிக்கூட டீச்சர் ஒருவர் வந்தார். தாடையை மிஷினில் வைத்தபடியே, பேசக் கூடாது என்று சொல்லியும் பேசினார். நாடகம் பார்த்து அழுதுவிட்டாராம்.

"அழற மாதிரி ஒண்ணும் வரலையே?"

"வரலதான். ஒருத்தி முழுசா காது கொடுத்துக் கேக்கறா பாருங்க, குறுக்க பேசாம. அதைப் பார்த்ததும் என்னவோ மாதிரி ஆயிடுச்சு."

அவர் கண்களை அதற்குமேல் பரிசோதிக்க முடியவில்லை. ஈரமாக இருந்தன. கொஞ்சம் பொறுத்து வரச் சொன்னேன். அவருக்காகச் சொன்னேனா, எனக்காகவா?

மார்ச் 14, சனி

இரண்டாம் வாரம். கல்லுவின் நடையைப் பார்த்தேன். நான் அப்படியா நடந்தேன்?

மார்ச் 15, ஞாயிறு

மதியம் படுத்தபோது கனவு. வானொலி அறை. குருவி வாசிக்கிறாள், உதடுகள் அசைகின்றன, சத்தம் வரவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, நான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் பக்கத்தில் நிற்கிறேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார், அதற்கும் சத்தமில்லை. மழைக்காலத்துப் பகல்போல் எல்லாமே சாம்பல் நிறம். பயமாக இல்லை. நன்றாகவே இருந்தது. விழித்த பிறகும் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு அங்கேயே இருந்தேன்.

அந்த அறையில் நாங்கள் நாள் முழுக்கச் சண்டை போட்டது ஒரே விஷயத்துக்குத்தான். சிரிப்பு வரவேண்டிய வார்த்தை கடைசியில் விழ வேண்டும். நம் வாக்கியத்தில் கடைசியில் 'ன்னு சொன்னான்' வந்து உட்கார்ந்துகொள்ளும். சிரிக்க வாயைத் திறந்தவன் அந்தச் 'சொன்னானை'க் கேட்டு மூடிக்கொள்வான். அதனால் குருவி வாசிக்க வாசிக்க நான் வாலை வெட்டுவேன். எனக்குத் தெரியும் எங்கே வெட்ட வேண்டும் என்று. எப்படித் தெரியும் என்று கேட்டால் தெரியாது. காதுக்குக் கேட்டது, அவ்வளவுதான்.

இதை இத்தனை வருஷத்தில் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல என்ன இருக்கிறது?

மார்ச் 22, ஞாயிறு

மகள் கல்லுவாகவே மாறிவிட்டாள். கொண்டையில் பென்சில். எதைக் கேட்டாலும் "ம்".

"சாப்பாடு எப்படிடி இருக்கு?" என்று அத்தை கேட்டார்.

"ம். இன்னும் ஒரு மிளகாய் குறை."

அத்தை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். இவருக்குக் கோபம். "அந்தக் கல்லு வந்து என் பொண்ணையும் கெடுத்துட்டா. மனுஷின்னா சிரிக்கணும். சிரிக்காதவளை நம்பவே கூடாது." இவர் நன்றாகச் சிரிப்பவர். சொல்ல வந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் தானே சிரித்துவிடுவார், என்ன சொன்னார் என்பது யாருக்கும் புரியாது. நான் இவரைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்ததே அதற்காகத்தான் என்று இவருக்குத் தெரியுமோ?

"அம்மா, நீ சொல்லு. கல்லு நல்லவளா கெட்டவளா?" என்றாள் மகள்.

"எனக்கு என்ன தெரியும்" என்றேன்.

மார்ச் 28, சனி

இன்று கல்லுவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பெரிய மீசை, தடித்த குரல். அவள் எழுதிய தாள்களை எடுத்து ஜன்னல் வழியே வீசுகிறான். "ஊரைச் சிரிக்க வைக்கற வேலை என் பொண்டாட்டிக்கு வேண்டாம்." தாள்கள் மெதுவாக, ரொம்ப மெதுவாக, தெருவில் இறங்குகின்றன. அழகாக எடுத்திருந்தார்கள். அவள் பென்சிலை உருவி மேசையில் வைத்துவிட்டுப் போகிறாள்.

அத்தை மூக்கை உறிஞ்சினார். இவர் டம்ளரை நங்கென்று வைத்தார். "இவனெல்லாம் ஒரு புருஷனா? இந்த மாதிரி ஆளை லிஃப்டுக்குள்ள போட்டு, கரண்ட்டைப் பிடுங்கிட்டு வந்துடணும்." இவருக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. கோபம் வந்தால் எல்லோரையும் லிஃப்டில்தான் போடுவார்.

இதுநாள்வரை திட்டிய கல்லுவுக்காக இன்று பரிந்து பேசுகிறார். நான் துணி மடிப்பதுபோல் ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தேன்.

குருவி, ஏண்டி இப்படி எழுதின? என்னை யாருடி தடுத்தாங்க?

மார்ச் 31, செவ்வாய்

தெரிந்துவிட்டது.

குருவியின் பேட்டி எதிலோ வந்திருக்கிறது. கூடவே ஒரு பழைய போட்டோ. ஒரு மைக், அதன் இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள். மகள் போனைக் கொண்டுவந்து என் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"அம்மா, இது நீயா?"

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை. "ஆமா" என்றேன்.

இவர் போனை வாங்கி விரலால் படத்தைப் பெரிதாக்கினார். என் பக்கம் பார்த்தார். மறுபடி போனைப் பார்த்தார். "கல்லு... நீயா?" மகள் சந்தோஷத்தில் ஒரு கூச்சல் போட்டாள். அத்தை, "நான் அப்பவே நினைச்சேன், அந்த உட்கார்ற தினுசு" என்றார். ஒன்றும் நினைத்திருக்க மாட்டார்.

இவர் மட்டும் சிரிக்கவில்லை. மெதுவாகக் கேட்டார்: "அப்போ அந்த மீசைக்காரன்?"

ஏப்ரல் 1, புதன்

இவர் காலையில் கண்ணாடி முன்னால் நின்று மேலுதட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். இவருக்கு மீசையே கிடையாது.

ஏப்ரல் 2, வியாழன்

சாயங்காலம் பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றார். வேலைச் சட்டையைக்கூட மாற்றவில்லை, கையில் கிரீஸ்.

"நான் உன்னை எதையாவது வேண்டாம்னு சொன்னேனா?"

"இல்லைங்க."

"ஞாபகம் இல்லாம எதாவது சொல்லியிருப்பேனோன்னு ரெண்டு நாளா யோசிக்கறேன். டீ குடிக்கற இடத்துல ஒருத்தன் அந்தப் புருஷனைக் கிழிகிழின்னு கிழிக்கறான். நானும் தலையாட்டறேன்."

"உங்களைப் பார்க்கறதுக்கு முன்னாடியே நான் விட்டுட்டேன்."

"ஏன்?"

இந்த ஒற்றை வார்த்தையை யாரும் என்னிடம் கேட்டதில்லை. கல்யாணம் ஆகிவிட்டது, அதனால் விட்டுவிட்டாள் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அதற்கப்புறம் யாருக்கும் கேள்வி வராது. நானும் அந்த நிழலில் சௌகரியமாக நின்றுகொண்டேன்.

சொன்னேன். எழுதும்போது இப்போது கோவையாக வருகிறது, அப்போது திக்கித் திணறித்தான் வந்தது. ஒரு நாள் குருவி வாசித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் குலுங்குகிறார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. காது கேட்டது. ஆனால் எது நல்லது, எது சுமார், எங்கே வெட்ட வேண்டும்... ஒன்றும் தெரியவில்லை. எல்லா வரியும் ஒரே மாதிரி. தண்ணீருக்கடியில் உட்கார்ந்து கேட்கிற மாதிரி. "ம்" என்றேன். அது ஒலிபரப்பானது. ஊரே சிரித்தது. மறுநாளும் "ம்", அதற்கு மறுநாளும். ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அதுதான் பயமாகிவிட்டது. யாரும் சாகவில்லை, யாரோடும் சண்டையில்லை. காரணம் இருந்தால் குருவியிடம் சொல்லியிருப்பேன். காரணமே இல்லாததை எப்படிச் சொல்வது? கண் பரிசோதனைப் படிப்பில் போய்ச் சேர்ந்துவிட்டேன்.

இவர் கையைத் துணியில் துடைத்தார், துவைத்த துணியில்தான்.

"லிஃப்ட்லயும் இப்படி வரும். மோட்டார் சரியா இருக்கும், கேபிள் சரியா இருக்கும். நின்னுடும். பிரிச்சுப் பார்த்தா ஒண்ணும் இருக்காது."

"அப்போ என்ன பண்ணுவீங்க?"

"அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன்" என்றார்.

உட்கார்ந்தார். இருட்டும்வரை பால்கனியில் தரையில் உட்கார்ந்திருந்தோம். எதிர்வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாக எரிந்தன. ரொம்ப நாளைக்கப்புறம் மனசு லேசாக இருந்தது, எங்கேயோ பஞ்சுபோல் ஒட்டிக்கொண்டு.

ஏப்ரல் 4, சனி

நாடகத்தை மதியம் மூன்று மணிக்கு மாற்றிவிட்டார்கள். ஓடவில்லை என்று அர்த்தம். இன்னும் மூன்று வாரத்தில் முடிக்கிறார்களாம். பேப்பரில் ஒருவர், இதைவிடக் குழாயில் சொட்டுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழேயே இன்னொருவர், இத்தனை வருஷம் தொலைக்காட்சி வாங்கி வைத்திருந்ததே இதற்காகத்தான் என்று எழுதியிருந்தார். இரண்டும் ஒரே நாடகம்.

இவர் உட்கார்ந்து பார்க்கவில்லை. வாசலில் நின்றுகொண்டு, "நான் பார்க்கல, சத்தம்தான் காதுல விழுது" என்றார்.

ஏப்ரல் 8, புதன்

குருவி கடைக்கு வந்தாள்.

முன்னால் சொல்லவில்லை, போன் செய்யவில்லை. பில் போடும் பெண்ணிடம் கண்ணைக் காட்ட வந்திருப்பதாகச் சொல்லிவிட்டு நேராகப் பரிசோதனை அறைக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். தலை நரைத்திருக்கிறது. உட்காரும்போது காலை மடித்துக்கொள்வது மாறவில்லை. நான் விளக்கை அணைத்தேன். சோதனைச் சட்டத்தை அவள் மூக்கில் மாட்டி ஒரு லென்ஸைச் செருகினேன். கை அதன்பாட்டுக்கு வேலை செய்தது.

"இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா?"

"முதல்ல போட்டது."

"இப்போ?"

"ரெண்டும் ஒண்ணுதான்." பலகையைப் பார்த்தபடியே சொன்னாள்: "நீ ஏன் போனேன்னு எனக்குத் தெரியாதுடி. எழுதி எழுதிப் பார்த்தேன். என்ன எழுதினாலும் உன்னைத் திட்டற மாதிரியே வருது. அதான் பழியைத் தூக்கிப் புருஷன் மேல போட்டேன்."

"அவர் ரெண்டு நாள் சரியா சாப்பிடலை."

"யாரு?"

"என் புருஷன். மீசைகூடக் கிடையாது அவருக்கு."

குருவி சிரித்தாள். சட்டம் மூக்கிலிருந்து நழுவியது. சரிசெய்யக் குனிந்தபோது அவள் கண்ணில் நீர். லென்ஸ் வழியாக அது ரொம்பப் பெரிதாகத் தெரிந்தது.

இருட்டிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். இவரிடம் சொன்னதைவிடச் சுலபமாக வந்தது. அவள் குறுக்கே பேசவில்லை. முடித்ததும், "எனக்குத் தெரியாமயா இருந்தது" என்றாள். "நீ 'ம்' சொல்றது ஒரு வாரமா வேற மாதிரி இருந்தது. கேக்க பயம். கேட்டா, அதுவரைக்கும் எழுதினதும் நல்லா இல்லைன்னு சொல்லிடுவியோன்னு."

கடைசி வாரம் இன்னும் எழுதவில்லையாம். "ஞாயிற்றுக்கிழமை வர்றியா? ஒண்ணும் செய்ய வேண்டாம். சும்மா உட்கார்ந்திரு."

வெளியே மூன்று பேர் காத்திருந்தார்கள். அவளுக்கு இடது கண்ணில் பவர் கொஞ்சம் ஏறியிருக்கிறது. கண்ணாடி மாற்ற வேண்டும். அதையும் சொல்லி அனுப்பினேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

போனேன். குருவியின் வீட்டு மாடி. மேசை முழுக்கத் தாள், காபிக் கறை, கிழித்துப்போட்டது. நான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தேன். வெயில் தரையில் நீளமாகப் படுத்திருந்தது.

ஒளிபரப்பானதை அழிக்க முடியாது. மீசைக்காரன் தாளை வீசியது வீசியதுதான். யோசித்துக்கொண்டே இருந்தோம். ஒரு கட்டத்தில் நான், யோசிக்காமல், சொன்னேன்: "கல்லு அவனை வீசச் சொல்லியிருந்தா?"

குருவி பேனாவை எடுத்தாள்.

கடைசிக் காட்சி இப்படி. தோழி கல்லுவைத் தேடிப் போகிறாள். மீசைக்காரன்தான் கதவைத் திறக்கிறான். "எல்லாரும் என்னைத் திட்டறாங்கம்மா. தாளை வீசினது நான். வீசச் சொன்னது அவ." பிறகு கல்லு சொல்கிறாள்: "புருஷன் வேண்டாம்னு சொன்னான்னா ஊர் நம்பும். எனக்கே கேக்காம போச்சுன்னு சொன்னா யார் நம்புவா?"

குருவி வாசித்துக் காட்டினாள். தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்தார்கள். நான் வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அந்த 'எனக்கே'ல ஏகாரம் வேண்டாம். 'எனக்கு' போதும்" என்றேன்.

சொன்னபிறகுதான் நான் சொன்னது எனக்கு உறைத்தது. குருவி தலை நிமிரவில்லை. ஏகாரத்தை அடித்தாள்.

ஏப்ரல் 25, சனி

முடிந்தது. மதியம் மூன்று மணிக்கு எல்லோரும் வீட்டில். இவர் இன்று நாற்காலியில் உட்கார்ந்தே பார்த்தார். மீசைக்காரன் கதவைத் திறந்ததும் முன்னால் நகர்ந்தார். "வீசச் சொன்னது அவ" என்று அவன் சொன்னதும், "அப்பாடா" என்றார். அதைச் சத்தமாகச் சொன்னது இவருக்கே தெரியாது. மகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அழுதுகொண்டிருந்த அத்தையும் சிரித்துவிட்டார்.

ஏப்ரல் 27, திங்கள்

லென்ஸ் தேய்ப்பவர்: "கடைசியிலயும் ஒண்ணுமே நடக்கலையே. ரெண்டு பொம்பளைங்க உட்கார்ந்து பேசறாங்க, முடிஞ்சுபோச்சு. இதுக்கா இத்தனை வாரம்?" பில் போடும் பெண்: "கல்லு கடைசியில கொஞ்சம் பரவாயில்லை அக்கா. ஆனா காது கேக்கலைன்னா டாக்டர்கிட்ட போக வேண்டியதுதானே?"

பள்ளிக்கூட டீச்சர் புதுக் கண்ணாடி வாங்க வந்தார். நாடகத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. பில் கட்டி வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். "எனக்கும் அப்படி ஒரு வருஷம் போச்சு. யார்கிட்டயும் சொன்னதில்லை." சொல்லிவிட்டுப் போய்விட்டார். கண்ணாடிக் கூட்டை மேசையிலேயே மறந்துவிட்டுப் போனார். பின்னாலேயே ஓடிப்போய்க் கொடுத்தேன்.

ஜூன் 16, செவ்வாய்

முதலாளி சலித்துக்கொண்டுதான் சம்மதித்தார். செவ்வாய்க்கிழமை எனக்கு இனிமேல் கடை இல்லை.

காலையிலிருந்து குருவி வீட்டு மாடியில். அவளுக்கு வானொலியிலிருந்து கேட்டிருக்கிறார்கள், வாரம் ஒரு சின்ன நாடகம். எதைப் பற்றி எழுதுவதென்று மத்தியானம்வரை ஒன்றும் பிடிபடவில்லை. எழுதினோம், கிழித்தோம். எனக்குச் சில வரிகள் கேட்கின்றன, சில கேட்கவில்லை. கேட்காதபோது கேட்கவில்லை என்று சொல்லிவிடுகிறேன். அவள் "சரி" என்கிறாள். அவ்வளவுதான், இதைச் சொல்ல முடியாமல்தான் அத்தனை வருஷம்.

சாயங்காலம் என்னைக் கூட்டிப்போக இவர் வந்தார். மாடிக்கு வரமாட்டேன் என்று படியிலேயே நின்றார். குருவி கீழே இறங்கிப்போய்க் கையோடு அழைத்துவந்தாள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கேட்காமலே ஒரு கதை சொன்னார். சம்பந்தம் பேசப் போன இரண்டு குடும்பமும் பாதி வழியில் லிஃப்டில் மாட்டிக்கொண்டது, இவர் போய்த் திறப்பதற்குள் உள்ளேயே பேச்சு முறிந்து, மறுபடி பேசி, கல்யாணத் தேதியே குறித்துவிட்டார்களாம். நடுவில் தானே சிரித்துச் சிரித்து மூன்று முறை கதையைத் தவறவிட்டார். குருவி எழுதிக்கொண்டே போனாள்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் இவர், பக்கத்தில் நான். விளக்குகள் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து ஓடின.

"அந்தக் கதையில நான் வர்றேனா?"

"வர்றீங்க."

"எப்படிப்பட்ட ஆளா?"

"இன்னும் எழுதலைங்க."

ஜன்னல் கண்ணாடியில் பார்த்துச் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.